வெற்றெடை

“புவான் பாவாலா… பாவாலாகோ…”
தாதியின் நாக்கு என் பேரின் பாதியில் இறங்கிக்கொள்ள
மீதிப் பேரோடு எழுந்து போனேன்,
தெலுக் இந்தான் ஆஸ்பத்திரி, ஆறாம் எண் அறை.
வரும் வழியில் காத்தவராயன் மைவியை மெதுவாக்கி
சாய்ந்த மணிக்கூண்டைக் காட்டினார்:
“உனக்கு அது நேரா தெரிஞ்சா சொல்லு, திரும்பிப் போயிடலாம்.”

மூன்று வாரம் முன்பு இதே கட்டிலில்தான்
தலையைத் தொங்கவிட்டு, திருப்பி, உருட்டி, உட்காரவைத்து
காதுக்குள் வழிதவறிய கற்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.
கல் என்றால் கல்லில்லை, சுண்ணாம்புத் துகள்.
வெற்றிலைக்குத் தடவக்கூடக் காணாது.
அதற்குத்தான் ஒரு விடியலில் நான் புரண்டு படுக்க
கூரை, காற்றாடி, புருஷன், முருகன் படம் எல்லாம்
மில்லில் குலை உதிர்க்கும் உருளைக்குள் விழுந்தன.

இன்று சரிபார்க்கும் நாள்.
ஹஸ்லிந்தா கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார்.
உள்ளே இருட்டு. அந்த இருட்டில் ஒரு கேமரா
என் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.
“புக்கா மாத்தா, அக்கா.”
திறந்தேன். சடாரென மல்லாத்தினார்,
தலை கட்டிலுக்கு வெளியே, இடப்பக்கம்.
கம்பியைப் பிடித்த பிடியில் விரல் மரத்தது.
பத்து எண்ணினேன். இருபது.
வரவில்லை.
வாசல்வரை வந்த கடன்காரன்
கதவைத் தட்டாமலே போனால் எப்படி இருக்கும்,
அப்படி ஒரு நிம்மதி, அப்படி ஒரு சந்தேகம்.

பிறகு தண்ணீர். காதுக்குள் சிறு குழாய்,
முதலில் வெதுவெதுப்பு, அப்புறம் குளிர்.
“தலை சுத்தும். சுத்தணும்.
மனசு மட்டும் தூங்கக் கூடாது,
ஊர் பேரோ பழத்தின் பேரோ சொல்லிக்கிட்டே இருங்க.”
எனக்கு வாயில் வந்தது லோரி நம்பர்கள்தான்.
நாற்பது பன்னிரண்டு, வெற்றெடை ஒன்பது டன் நாற்பது.
எழுபத்தேழு மூன்று, வெற்றெடை எட்டு டன் தொள்ளாயிரம்.
பதினாறு வருஷம் செம்பனை ஆலையின் எடைமேடை;
நிறையாக ஏறுவதில் காலியாக இறங்குவதைக் கழித்தால்
மிஞ்சுவது குலை, மிஞ்சுவது என் சம்பளம்.
அறை சுழன்றது. லோரிகள் வரிசையாகச் சுழன்றன.
ஒன்றின் எடையும் தவறவில்லை.

கடைசியாக, கண்ணை மூடி, கைகளை நீட்டி
நின்ற இடத்திலேயே ஐம்பது அடி.
நான் நின்ற இடத்திலேயேதான் நடந்தேன்.
எந்தக் கோயிலிலும் சூடம் அடித்துச் சொல்வேன்.
கண்ணைத் திறந்தால் எதிரே ஹஸ்லிந்தா இல்லை.
ஜன்னல்.
ஜன்னலுக்கு வெளியே மதில், மதில்மேல் ஒரு மைனா,
அதுவும் தலையைச் சாய்த்து.

“கல்லெல்லாம் உள்ளே போயிடுச்சு.
இடது காதுதான், வலதைவிட
இருபத்தெட்டு விழுக்காடு சோம்பல்.
மூளை பழகிக்கும், அக்கா.”
கையில் ஒரு பயிற்சித் தாள்.

இரவெல்லாம் மழை பெய்தால்
எங்கள் எடைமேடையும் இப்படித்தான்,
ஈ எறும்பு ஏறாமலே அறுபது கிலோ காட்டும்.
சேறு. தேங்கிய தண்ணீர்.
கூட்டித் தள்ளி, சுழியம் பொத்தானை அழுத்தி
இன்னொரு தரம் பார்த்த பிறகே முதல் லோரி.
தான் தப்பாகச் சொல்வது தராசுக்குத் தெரியாது.
எனக்கும் தெரியவில்லை, ஐம்பது அடியும்.

திங்கட்கிழமை, வெளுக்குமுன்,
மேடையைக் கூட்டிவிட்டு நடுவில் நின்றேன்.
கண்ணை மூடினேன். கைகளை நீட்டினேன்.
நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது…
“என்னக்கா, டான்ஸா?”
பாண்டுரங்கன். இமைமேல் லோரி வெளிச்சம் பட்டது.
கண்ணைத் திறக்காமலே கேட்டேன்,
“எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறேன், சொல்லு.”
“என்னைப் பார்த்துத்தான்,” என்றான்.
அவன் எங்கே நிற்கிறான் என்று
சொல்லவே இல்லை.